கேட்வே மாறும்போது ரூட்டர் மறக்க வேண்டியது

பெங்களூரின் கோரமங்களாவிலோ ஒயிட்ஃபீல்டிலோ இருபது பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் ஒரே இணைய இணைப்பை மட்டும் நம்பியிருப்பது இன்று அரிது. மெட்ரோ பணிக்காகச் சாலையைத் தோண்டுவார்கள். மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்ட ஃபைபர் கேபிள்களை மாநகராட்சி வெட்டி அகற்றும். ஒரு கோடைமழைக்குக் கிளை முறிந்து விழும். அதனால் இரண்டு நிறுவனங்களிடம் தனித்தனியே இணைப்பு வாங்கி, இரண்டையும் ஒரே ரூட்டரில் செருகி, ஒன்று போனால் மற்றொன்று என்று அமைத்துக்கொள்கிறார்கள். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்த பிறகு பல வீடுகளும் இதே வழிக்கு வந்துவிட்டன. ஆனால் முதல் இணைப்பு உண்மையிலேயே அறுபடும் நாளில் நடப்பது குழப்பமாக இருக்கும். உலாவியில் பக்கங்கள் சில நொடிகளில் திறந்துவிடும், இணையம் வந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். மேசைமேல் இருக்கும் இணையத் தொலைபேசி மட்டும் ஊமையாகக் கிடக்கும். தலைமை அலுவலகத்தோடு பேசும் விபிஎன் எழும்பாது. ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் அத்தனையும் சரியாகிவிடும். பழி வழக்கமாக இரண்டாவது நிறுவனத்தின் தலையில் விழுகிறது. அந்த நிறுவனத்தின் பாதையோ குறையின்றித்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. செத்துப்போன முதல் இணைப்பைப் பற்றிய ஒரு பதிவை ரூட்டர் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் கோளாறு. வெளியுலகுக்கான வாசலாகிய கேட்வேயின் மாற்றத்தை நாம் பாதையை மாற்றும் வேலையாக மட்டுமே நினைத்து அமைக்கிறோம். எந்தப் பழைய பதிவை எந்த நேரத்தில் ரூட்டர் மறக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லித் தருவதும் அந்த வேலையின் பாதி, பெரும்பாலும் விட்டுப்போகும் பாதி.

ரூட்டருக்கு நினைவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு முகவரிப் பஞ்சமே காரணம். 1981 செப்டம்பரில் வெளியான ஐபி நெறிமுறை ஒரு முகவரிக்கு 32 பிட்டுகள் ஒதுக்கியது. அதில் கிடைப்பவை ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். அன்றைக்கு அது கணக்கற்ற செல்வம். 1986இல் தொடங்கப்பட்ட எர்நெட் கல்வி வலையமைப்பில் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் தொடக்ககால உறுப்பினர்களில் ஒன்று. எர்நெட்டுக்குக் கிடைத்த, 144.16 என்று ஆரம்பிக்கும் ஒரே தொகுதியில் 65,536 முகவரிகள் இருந்தன. ஒவ்வொரு கணினிக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் சொந்த முகவரி என்பதே அப்போதைய இயல்பு. இந்த இருப்பு தீர்ந்துவிடும் என்று தெரிந்ததும், 1994 மே மாதத்தில் கியெல் எகேவாங், பால் பிரான்சிஸ் இருவரும் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணத்தில் முகவரி மாற்றம் என்ற ஏற்பாட்டை முன்வைத்தார்கள். நேட் என்று பொறியாளர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். அலுவலகத்துக்குள் எந்த முகவரியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வெளியே போகும்போது ரூட்டர் அதைப் பொது முகவரியாக மாற்றிக்கொடுக்கும். நிரந்தரத் தீர்வு வரும்வரை குறுகிய காலத்துக்கான ஏற்பாடு என்றே அவர்கள் அதைக் குறிப்பிட்டிருந்தார்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது முகவரி மாற்றத்துக்கு வயது ஒன்று தாண்டியிருந்தது. உலக இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டன. தாமதமாக வந்த நமக்குக் கிடைத்த, ஐபிவி4 எனப்படும் இந்த 32 பிட் முகவரிகள் ஏறத்தாழ நான்கு கோடிதான். இணையச் சந்தாதாரர்களோ 90 கோடிக்கும் மேல். ஆசிய பசிபிக் பகுதியில் புதிதாக உறுப்பினராகும் ஒரு நிறுவனத்துக்கு 2019க்குப் பிறகு அதிகபட்சம் 512 ஐபிவி4 முகவரிகளே தரப்படுகின்றன. குறுகிய கால ஏற்பாடு இந்த நாட்டில் நிரந்தர வாழ்க்கையாகிவிட்டதன் கணக்கு இவ்வளவுதான்.

முகவரி மாற்றம் நடக்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டோடு பார்த்துவிடலாம், பின்னால் வரும் எல்லாமே இதிலிருந்துதான் பிறக்கிறது. அலுவலகத்துக்குள் 192.168.1.23 என்ற முகவரி கொண்ட ஒரு மடிக்கணினி, தன் 51000ஆம் போர்ட்டிலிருந்து வெளியே இருக்கும் ஒரு சர்வரின் 443ஆம் போர்ட்டுக்கு முதல் பாக்கெட்டை அனுப்புகிறது என்று கொள்வோம். ரூட்டர் அந்த அனுப்புநர் முகவரியை அழித்து, தன் முதல் இணைப்பின் பொது முகவரியான 203.0.113.7ஐ எழுதி, தேவைப்பட்டால் போர்ட் எண்ணையும் மாற்றி வெளியே விடுகிறது. அப்படிச் செய்ததைத் தன் இணைப்புப் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்தே மடிக்கணினிக்குத் திருப்பித் தருகிறது. பயனர் எழுதிவைத்த முகவரி மாற்ற விதிகளை லினக்ஸ் போன்ற அமைப்புகள் ஓர் இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டுமே புரட்டிப் பார்க்கின்றன. அதற்கடுத்த ஒவ்வொரு பாக்கெட்டும் பதிவேட்டில் எழுதியபடியே நடத்தப்படும். விதியை நீங்கள் நடுவில் மாற்றினாலும், பாதையே மாறிப்போனாலும், அந்த வரி இருக்கும்வரை அது சொன்னதுதான் செல்லும். ஒரு வரி எவ்வளவு நாள் இருக்கும்? நிலைபெற்ற ஒரு டிசிபி இணைப்பு சும்மா கிடந்தாலும் அதன் வரியை லினக்ஸ் இயல்பாக 4,32,000 நொடிகள் காக்கிறது, அதாவது ஐந்து நாட்கள். இருபுறமும் பேசிக்கொண்டிருக்கும் யுடிபி உரையாடலுக்கு இரண்டு நிமிடம். நீண்ட நேரம் அமைதியாக இருக்கும் இணைப்புகளை நடுவழியில் கொன்றுவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வைத்த எண்கள் இவை.

இப்போது முதல் இணைப்பு அறுகிறது. ரூட்டர் தன் பாதை அட்டவணையைத் திருத்தி, வெளியே போவதெல்லாம் இனி இரண்டாவது இணைப்பு வழியாக என்று முடிவு செய்கிறது. இந்த இடத்தில் மூன்று வகைப் போக்குவரத்துக்கு மூன்று கதி நேர்கிறது. உலாவி ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் ஒரு புதிய போர்ட்டை எடுத்துக்கொள்வதால் பதிவேட்டில் அதற்குப் பழைய வரி கிடையாது. புதிய விதி பொருந்துகிறது, இரண்டாவது நிறுவனத்தின் முகவரி எழுதப்படுகிறது, பக்கம் திறக்கிறது. ஏற்கெனவே திறந்திருந்த டிசிபி இணைப்புக்கோ வரி இருக்கிறது. பாக்கெட் இரண்டாவது இணைப்பு வழியாகவே வெளியேறுகிறது, ஆனால் அதன் மேல் எழுதப்படுவது முதல் நிறுவனத்தின் 203.0.113.7 என்ற முகவரி. தன் வாடிக்கையாளருக்குத் தான் கொடுக்காத முகவரியோடு வரும் பாக்கெட்டை நிறுவனங்கள் வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டும் என்பது 2000 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 2827 சொல்லும் நல்லொழுக்கம். போலி முகவரித் தாக்குதல்களைத் தடுக்க அது மிகவும் அவசியம். ஆகவே பாக்கெட் அங்கேயே விழுகிறது. தடுக்காமல் விட்டாலும் பயனில்லை, சர்வரின் பதில் அறுந்துபோன முதல் இணைப்பைத் தேடித்தான் போகும். மடிக்கணினிக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அது திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, லினக்ஸின் இயல்பு அமைப்பில் ஏறத்தாழ 15 நிமிடம் கழித்துத்தான் கைவிடுகிறது.

மூன்றாவது வகைதான் மிகவும் கொடுமையானது. இணையத் தொலைபேசி பெரும்பாலும் தன் 5060ஆம் போர்ட்டிலிருந்து அதே சர்வரின் அதே போர்ட்டுக்கு யுடிபி வழியே பேசுகிறது. இரண்டு நிமிடம் அமைதியாக இருந்தால் ரூட்டர் தன்னை மறந்துவிடும் என்பது அதற்குத் தெரியும். அதனால் 20 அல்லது 30 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. ஐபிசெக் விபிஎன் முகவரி மாற்றத்தைக் கடந்து போகும்போது 4500ஆம் போர்ட்டில் இதையேதான் செய்கிறது, 20 நொடி இடைவெளி அங்கே இயல்பு. இணைப்பு நலமாக இருக்கும் நாட்களில் உயிர் காப்பது இந்தத் துடிப்புதான். இணைப்பு அறுந்த நாளில் அதே துடிப்பு, தவறான முகவரி எழுதப்பட்ட வரியின் ஆயுளை ஒவ்வொரு முறையும் நீட்டிக்கொண்டே போகிறது. முதலில் கிடைத்த பதில்களால் அந்த வரி இருவழி உரையாடல் என்று முத்திரை பெற்றுவிட்டதால், இப்போது பதிலே வராவிட்டாலும் அது காலாவதியாவதில்லை. பக்கங்கள் திறக்க, தொலைபேசி மட்டும் மணிக்கணக்கில் ஊமையாக இருப்பதன் முழு விளக்கம் இதுவே. ரூட்டரை அணைத்துப் போடுவது ஏன் பலித்தது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது: மின்சாரம் போனதும் பதிவேடு அழிந்துவிட்டது.

அப்படியானால் சரியான அமைப்பின் முதல் வேலை, இணைப்பு மாறும் கணத்தில் மாண்டுபோன முகவரியைச் சுமக்கும் வரிகளை அழிப்பது. லினக்ஸில் இதை எப்படிச் செய்வது என்பது விதி எழுதிய முறையைப் பொறுத்தது. முகவரி மாற்ற விதியை எழுதும்போது வெளி முகவரியை எண்ணாகக் குறிப்பிடும் எஸ்-நேட் முறை ஒன்று, எந்த இடைமுகம் வழியே வெளியேறுகிறதோ அதன் முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும் மாஸ்கரேட் முறை மற்றொன்று. இரண்டாவது முறையில், ஓர் இணைப்பின் பாக்கெட் முன்பு போன இடைமுகத்தை விட்டு வேறொன்றின் வழியே போகத் தலைப்பட்டால், லினக்ஸ் அந்த வரியைத் தானே கிழித்தெறிகிறது. அடுத்த பாக்கெட் புதிதாகப் பதிவாகிறது. எஸ்-நேட்டுக்கு இந்தக் குணம் இல்லை. அதைப் பயன்படுத்துவோர் கான்ட்ராக் என்ற சிறு கருவியைக் கொண்டு, பழைய பொது முகவரிக்கு உரிய வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நீக்கும்படி மாற்ற நிகழ்வோடு ஒரு கட்டளையைக் கோத்துவைக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளையும் ஒரே சுவிட்சில் செருகி, ரூட்டருக்கு ஒரே வெளி இடைமுகம் மட்டும் வைத்திருக்கும் அமைப்புகளிலும் மாஸ்கரேட் கைவிட்டுவிடும், இடைமுகம் மாறவில்லை என்பதால். பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால்களில் கேட்வே விழும்போது பதிவுகளை அழிக்கும் தேர்வு அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு வேறெங்கோ பிழை தேடும் நிர்வாகிகள் பாவம்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புகளை ரூட்டரே கொல்லலாமா என்று இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கொல்லப்படும் எதுவும் உயிரோடு இல்லை என்பதே பதில். இரண்டு முனைகளிலும் உள்ள முகவரி, போர்ட் என்ற நான்கு எண்களும் சேர்ந்ததுதான் ஒரு டிசிபி இணைப்பின் அடையாளம். அவற்றில் ஒன்று மாறினாலும் சர்வருக்கு அது அந்நியர். பொது முகவரி முதல் நிறுவனத்துக்குச் சொந்தம், நமக்கு வாடகைக்கு மட்டும். வீடு மாறியவர் பழைய வீட்டு விலாசத்தைக் கையோடு கொண்டுபோக முடியாது. வரியை அழித்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: மடிக்கணினியின் அடுத்த பாக்கெட் புதிய முகவரியோடு சர்வரை அடைகிறது. இப்படி ஓர் இணைப்பே எனக்குத் தெரியாதே என்று சர்வர் உடனே ரீசெட் அனுப்புகிறது. அது மடிக்கணினிக்கு வந்து சேர்ந்ததும் மென்பொருள் பழையதைக் கைவிட்டுப் புதிதாக இணைகிறது. பதினைந்து நிமிடக் காத்திருப்பு ஒன்றிரண்டு நொடிகளில் முடிந்துவிடுகிறது. பதிவேட்டை அழித்தால் பாதுகாப்பு போய்விடாதா என்ற அச்சத்துக்கும் இடமில்லை. உள்ளிருந்து கேட்காத எதையும் வெளியிலிருந்து அனுமதிக்காதே என்ற விதி பதிவேடு காலியாக இருக்கும்போது இன்னும் கடுமையாகத்தான் செயல்படும். ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் அலுவலகத்தில் பதிவேட்டை ஒட்டுமொத்தமாகத் துடைத்தால், நலமாக இருக்கும் பக்கத்துப் பேச்சுகளும் அறுபடும். தேர்ந்தெடுத்து மறப்பதே வேண்டியது.

மறப்பதற்கு முன் இணைப்பு போய்விட்டது என்பது ரூட்டருக்குத் தெரிய வேண்டும். இது தோன்றுவதைவிடக் கடினம். சாலையில் ஃபைபர் அறுந்தாலும் சுவரில் மாட்டிய பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறது, பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே உள்ள விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். விளக்கை மட்டும் பார்க்கும் ரூட்டர் எதையும் அறியாது. நிறுவனத்தின் அடுத்த ரூட்டருக்கு பிங் அனுப்பிப் பார்ப்பது ஒரு படி மேல். ஆனால் பெங்களூருக்குக் கடல் இல்லை. கடலடி கேபிள்கள் கரையேறுவது சென்னை, மும்பை போன்ற துறைகளில், அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தரைவழி ஃபைபரில்தான் இந்த நகரத்தின் வெளிநாட்டுப் போக்குவரத்து வந்துபோகிறது. அந்த நெடும்பாதையில் எங்கு அறுந்தாலும் நிறுவனத்தின் உள்ளூர் ரூட்டர் புன்னகையோடு பதில் சொல்லிக்கொண்டிருக்கும். சரி, 8.8.8.8 போன்ற பொது முகவரியைச் சோதிக்கலாம் என்றால், ஒரே முகவரிக்கு உலகின் பல இடங்களிலிருந்து பதில் தரும் ஏற்பாடு அது. பதில் சொன்ன கணினி இந்தியாவிலேயே இருக்கக்கூடும், அதனால் வெளிநாட்டுப் பாதை நலம் என்று ஆகிவிடாது. ஆகவே அலுவலகம் உண்மையில் நம்பியிருக்கும் சர்வர்களில் இரண்டு மூன்றைத் தேர்ந்து சோதிப்பதும், அவை எல்லாமே பதில் தராதபோது மட்டும் மாறுவதும் நல்லது. ஒவ்வொரு இணைப்பின் சோதனையும் அந்தந்த இணைப்பு வழியாகவே போகும்படி கட்டிவைக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அப்படிச் செய்யாவிட்டால், மாறியவுடன் முதல் இணைப்பின் சோதனை இரண்டாவது வழியே போய் வெற்றி பெறும். முதல் இணைப்பு பிழைத்துவிட்டது என்று ரூட்டர் திரும்பும், மறுபடி விழும், ஊசலாடும்.

சிறு கண்ணிகள் இன்னும் சில உண்டு. தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும், முதல் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர் தன் வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் தருவதாக இருக்கலாம், அதை நம்பிய கணினிகளுக்கு இரண்டாவது இணைப்பில் பெயர்கள் திறக்காது. வெளியிலிருந்து ஒரு வேண்டுகோள் எந்த இணைப்பு வழியே வந்ததோ, பதிலும் அதன் வழியே போகும்படி ஒவ்வோர் இணைப்புக்கும் அடையாளக் குறி இட வேண்டும். வந்த வழியே திரும்பாத பாக்கெட்டைக் கண்டால் எறிந்துவிடும் கண்டிப்பான சோதனையை, இரண்டு கேட்வே உள்ள ரூட்டரில் தளர்த்தியே வைக்க வேண்டும்.

முதல் இணைப்பு சீரானதும் உடனே அதற்குத் திரும்ப வேண்டும் என்பது பலருடைய உள்ளுணர்வு. ரூட்டர்களின் இயல்பு அமைப்பும் அப்படியே. இதை நான் தவறென்றே கருதுகிறேன். அறுந்தபோது நேர்ந்த இழப்பு நம் கையில் இல்லை. திரும்பும்போது நேரும் இழப்பு நாமே வரவழைப்பது: இரண்டாவது இணைப்பில் அமைதியாக நடந்துகொண்டிருந்த ஒவ்வொரு பேச்சும் இரண்டாம் முறை அறுபடும். ரூட்டர் தயாரிக்கும் மைக்ரோடிக் நிறுவனம் தன் ஆவணங்களிலேயே இன்னோர் ஆபத்தைச் சொல்லி எச்சரிக்கிறது. இரண்டாவது இணைப்பில் பதிவான பேச்சுகள், பாதை மட்டும் முதலாவதற்குத் திரும்பியதும், முகவரி மாற்றப்படாமலே உள் முகவரியோடு பொதுவெளிக்குக் கசிந்துவிடும். அறுந்த கேபிளை ஒட்டுபவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது இணைப்பு வந்து வந்து போவதும் வழக்கம். எனவே போகும்போது விரைவு, திரும்பும்போது நிதானம் என்பதே சரியான அளவு. ஐந்து நொடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து மூன்று தோல்வி என்றால் மாறலாம். திரும்புவதற்கு அரைமணி நேரம் தடையற்ற வெற்றி வேண்டும். அதற்குப் பிறகும் புதிய இணைப்புகளை மட்டும் முதலாவதற்கு அனுப்பி, பழையவை இரண்டாவதிலேயே இயல்பாக முடிய விடலாம். இங்கே பழைய பதிவைக் காப்பதுதான் சரி, ஏனெனில் அது சுட்டும் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வந்தால் போதும் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இந்தியா இதில் பின்தங்கிய நாடும் அல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையை ஐபிவி6 அடித்தளத்தில் தொடங்கிய பிறகு, கூகுள் காணும் இந்தியப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்தப் புதிய முகவரியோடுதான் வருகிறார்கள். ஆனால் இரண்டு நிறுவனங்களிடம் வாங்கும் சிறு அலுவலகத்துக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் தொகுதியிலிருந்தே முகவரி தருகிறது. ரூட்டர் அவற்றை அப்படியே மடிக்கணினிகளுக்கு அறிவிக்கிறது. நெறிமுறையின் இயல்புப்படி அந்த முகவரியை மடிக்கணினி ஏழு நாள் விரும்பிப் பயன்படுத்தலாம், முப்பது நாள் செல்லுபடியாகக் கொள்ளலாம். முதல் இணைப்பு அறுந்ததும், இனி இது வேண்டாம் என்று ரூட்டர் வெளிப்படையாக அறிவித்தாலொழிய, மடிக்கணினி அதையே எழுதிக்கொண்டிருக்கும். இத்தகைய சிக்கலை ஆராய்ந்து 2021இல் ஆர்எஃப்சி 8978 வெளியாயிற்று. நினைவு ரூட்டரிலிருந்து ஒவ்வொரு மடிக்கணினிக்கும் இடம் பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. பதிவேடே இல்லாமல் முகவரியின் முற்பகுதியை மட்டும் மாற்றும் ஓர் ஐபிவி6 முறையும் 2011 முதல் இருக்கிறது. அதிலும் வெளியுலகம் காணும் முகவரி மாறுகிறது, இணைப்புகள் அறுகின்றன. பெரிய நிறுவனங்கள் சொந்த முகவரித் தொகுதி வாங்கி இரு நிறுவனங்கள் வழியாகவும் அறிவித்து இதைத் தாண்டிவிடுகின்றன. உலக ரூட்டர்கள் ஏற்கும் மிகச்சிறிய ஐபிவி4 தொகுதியே 256 முகவரிகள் என்பதால் இருபது பேர் அலுவலகத்துக்கு அந்த வழி எட்டாது. எஸ்டி-வான் என்ற பெயரில் விற்கும் பெட்டிகள் இரண்டு இணைப்புகள் வழியாகவும் ஒரு தரவு மையத்துக்கு டன்னல் போட்டு, முகவரி மாற்றத்தை அங்கே, அசையாத முகவரியில் செய்கின்றன. கொள்கையளவில் நேர்மையான தீர்வு அது, கட்டணமும் அந்த மையத்தை நம்பியிருக்கும் கட்டாயமும் அதன் விலை.

இன்னும் வலுவான மறுப்பு புதிய நெறிமுறைகளிடமிருந்து வருகிறது. 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆக வெளியான குவிக், இணைப்பின் அடையாளத்தை முகவரியிலிருந்து பிரித்து ஒரு தனி எண்ணாக வைத்துவிட்டது. முகவரி மாறினாலும் பேச்சு தொடரலாம். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6இல் சேர்ந்த வயர்கார்டும் மறைகுறிச் சாவியையே அடையாளமாகக் கொள்வதால், மறுமுனை எந்த முகவரியிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. இணையத்தின் எதிர்காலம் இந்தத் திசையில்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் இவற்றையும் பழைய பதிவேடு வீழ்த்திவிடும் என்பதுதான் என் வாதத்துக்கு மிக உறுதியான சான்று. வயர்கார்டு ஒரே போர்ட்டிலிருந்து பேசுகிறது. முகவரி மாற்றத்தின் பின்னால் இருப்போர் 25 நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும்படி அமைக்கிறார்கள். எஸ்-நேட் வரி அழிக்கப்படாத ரூட்டரில் அந்தத் துடிப்பு இறந்த முகவரியைச் சுமந்துகொண்டு இரண்டாவது நிறுவனத்தின் வாசலில் விழுந்துகொண்டே இருக்கும். மறுமுனை புதிய முகவரியை ஏற்கத் தயாராகக் காத்திருக்கிறது, அதை அனுப்பத்தான் ரூட்டர் விடுவதில்லை.

இரண்டாவது இணைப்பு 5ஜி கம்பியில்லாச் சேவை என்றால் இன்னொரு பதிவேடும் நடுவில் வந்துவிடுகிறது. நிறுவனமே பல வாடிக்கையாளரை ஒரு பொது முகவரியில் அடைக்கிறது. ஒரு முகவரியை 64 பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்குக் கிடைப்பது சுமார் ஆயிரம் போர்ட்டுகள். ரூட்டரின் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், 2012இல் இதற்காகவே ஒதுக்கிய தொகுதிக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். அங்கே வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வரும் எதுவும் நடக்காது, கண்காணிப்புக் கேமராவைக் கைபேசியில் நேரடியாகப் பார்ப்பது உட்பட. உள்ளிருந்து வெளியே போடும் டன்னல் மட்டுமே வழி. மறப்பது என்று இதுவரை சொன்னது நடப்புப் பதிவேட்டை மட்டுமே என்பதையும் இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியாவின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுக் குறிப்புகளை 180 நாள் காக்க வேண்டும் என்கிறது. எந்த நிமிடத்தில் எந்தப் பொது முகவரியில் அலுவலகம் வெளியுலகுக்குத் தெரிந்தது என்பது அந்தக் குறிப்பில் இருந்தாக வேண்டும். வரியை அழிக்கும் கட்டளையே அதைச் சரியான நேரத்தோடு எழுதியும் வைக்கலாம்.

இவ்வளவையும் அமைத்தபின் சோதிக்காமல் விட்டால் பயனில்லை, சோதிக்கும் விதத்திலும் ஏமாற இடமுண்டு. ரூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் வழக்கம். அப்போது இடைமுகமே விழுந்துவிடுவதால் ரூட்டர் பல வரிகளைத் தானே அழித்துவிடும், எல்லாம் சரி என்று தோன்றும். சாலையில் அறுபடும் நாளில் அப்படி நடக்காது. சுவர்ப் பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்போதே அதிலிருந்து ஃபைபரை மட்டும் கழற்ற வேண்டும். தொலைபேசியில் ஓர் அழைப்பும் விபிஎன்னில் ஒரு கோப்பு நகலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அழைப்பு அறுந்து, தொலைபேசி மறுபடி ஒலிக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஃபைபரைத் திரும்பச் செருகிய பிறகு வரும் அரைமணி நேரத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். அந்த இடைவெளியில் தெருவுக்கு இறங்கி இரண்டு நிறுவனங்களின் கேபிள்களும் எந்தக் கம்பத்தின் வழியே வருகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் ஒரே மரத்தில் கட்டப்பட்டிருந்தால், மேலே சொன்ன அமைப்பு எதற்கும் வேலை வருமுன்பே இரண்டும் சேர்ந்து அறுந்துவிடும். அத்தகைய தெருவில், உள்வரும் இணைப்புகளை இழந்தாலும், இரண்டாவதைக் கம்பியில்லா இணைப்பாக வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.